'மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்': தொகையை விரித்துப் பார்த்தால் பிழை தெரியும்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். நிறுவனத்தின் ஆங்கில அறிமுகக் குறிப்பில் "வி ஆர் ஹேவிங் அன் எக்ஸ்பர்டீஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் ஃப்ரம் லாஸ்ட் டென் இயர்ஸ்" என்று எழுதினீர்கள். அடுத்த வரியில் "தி டைரக்டர்ஸ் ஆர் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட்" என்று எழுதினீர்கள். மேலதிகாரி இரண்டையும் அடித்துவிட்டு, ஓரத்தில் "மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்" (நிர்வாக நிபுணத்துவம்) என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பினார். எங்கே தவறினீர்கள், அந்தச் சொற்றொடரை வாக்கியத்தில் எப்படி அமர்த்துவது, "மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்" என்று எழுதலாமா என்பவை உங்கள் சந்தேகங்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வி ஹேவ் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்" சரி. "வி ஹேவ் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட்" என்பதும் சரி. "மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்" என்பதிலும் பிழை இல்லை. உங்கள் இரண்டு வரிகளிலும் ஐந்து பிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம். வணிகக் கடிதங்களையும் திட்ட முன்மொழிவுகளையும் திருத்துவது என் அன்றாட வேலை. இந்த ஐந்தையும் வாரம் தவறாமல் பார்க்கிறேன். எழுதுபவர்கள் நன்றாகப் படித்தவர்கள்தான். காரணம் தெரியாமல் திருத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்வதால் அடுத்த கடிதத்திலும் அதே பிழை வந்துவிடுகிறது. அதனால் காரணங்களோடு சொல்கிறேன்.

இரண்டாவது வரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் பெரிய பிழை. "தே ஆர் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட்" என்பதைத் தமிழில் அப்படியே வைத்துப் பாருங்கள்: "அவர்கள் நிர்வாகத்தில் நிபுணத்துவம்." நிபுணத்துவம் என்பது ஒரு பண்பு. அது ஆளிடம் இருக்கும். ஆளே அதுவாக முடியாது. ஆளைக் குறிக்கும் சொல் எக்ஸ்பர்ட். ஆகவே "தே ஆர் எக்ஸ்பர்ட்ஸ் இன் மேனேஜ்மென்ட்" என்று எழுதலாம், அல்லது "தே ஹேவ் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட்" என்று எழுதலாம். நிபுணர், நிபுணத்துவம் என்ற வேறுபாட்டைத் தமிழில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் குழம்புகிறது?

உச்சரிப்பில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. பலர் இந்தச் சொல்லை "எக்ஸ்பர்டைஸ்" என்கிறார்கள். அப்படிச் சொன்னதும் ஸ்பெஷலைஸ், ஆர்கனைஸ் போன்ற வினைச்சொற்களின் வரிசையில் அது போய் உட்கார்ந்துவிடுகிறது. "ஐ ஸ்பெஷலைஸ் இன் மேனேஜ்மென்ட்" சரி என்றால் "ஐ எக்ஸ்பர்டைஸ் இன் மேனேஜ்மென்ட்" என்பதும் சரிதானே என்று மனம் நினைத்துக்கொள்கிறது. "எக்ஸ்பர்டைஸ்ட் இன்" என்று இறந்தகால விகுதி போட்டு எழுதப்பட்ட சுயவிவரங்களையும் பார்த்திருக்கிறேன். சொல்லின் சரியான ஒலி "எக்ஸ்பர்டீஸ்". கடைசி அசை நீண்டு ஒலிக்கும், அழுத்தமும் அங்கேதான் விழும். நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், வினைச்சொல் என்ற மயக்கம் தானாகவே விலகும்.

"எக்ஸ்பர்டைஸ்" என்று ஒலிக்கும் ஒரு வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. ஒரு பழைய தபால்தலை அசலா போலியா என்று நிபுணர் சோதித்துச் சான்று தருவதைத் தபால்தலை சேகரிப்பவர்கள் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். வணிகக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை. எழுத்துக்கூட்டலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆர்கனைஸ் போன்ற வினைகளை அமெரிக்கர்கள் இசட் போட்டு எழுதுவார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் எஸ் போடுவார்கள். எக்ஸ்பர்டீஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் எஸ் மட்டும்தான். அது பிரெஞ்சிலிருந்து பெயர்ச்சொல்லாகவே வந்த சொல். அதன் ஈறு கிரேக்க வழி வந்த அந்த வினை விகுதி அல்ல. பிரெஞ்சில் இன்றும் நிபுணர் செய்யும் மதிப்பீட்டை அந்தச் சொல் குறிக்கிறது. வேர் லத்தீனில் இருக்கிறது: முயன்று பார்ப்பது என்ற பொருள். எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பெரிமென்ட் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி உங்கள் முதல் வரி. "வி ஆர் ஹேவிங்" என்பது பேச்சில் பழகிப்போனது, எழுத்தில் நிற்காது. உடைமையைச் சொல்லும்போது ஹேவ் என்ற வினை தொடர்நிகழ்வு வடிவம் எடுப்பதில்லை. மீட்டிங் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்றால் "வி ஆர் ஹேவிங் அ மீட்டிங்" சரி, ஏனென்றால் அது நடந்துகொண்டிருக்கும் செயல். நிபுணத்துவம் நடந்துகொண்டிருப்பதில்லை, இருக்கிறது. எனவே "வி ஹேவ்".

"அன்" ஏன் கூடாது? எக்ஸ்பர்டீஸ் எண்ண முடியாத பெயர். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் ஆகியவற்றின் இனம். ஆகவே ஒருமைக்கு அன் இல்லை, பன்மைக்கு "எக்ஸ்பர்டீஸஸ்" இல்லை, "மெனி எக்ஸ்பர்டீஸ்" இல்லை. அளவு சொல்ல வேண்டுமானால் கன்சிடரபிள், எக்ஸ்டென்சிவ், டீப் என்று அடை கொடுக்கலாம். பல துறைகள் என்று சொல்ல வேண்டுமானால் பன்மையை ஏரியா என்ற சொல்லில் ஏற்ற வேண்டும்: "ஏரியாஸ் ஆஃப் எக்ஸ்பர்டீஸ்". சுயவிவரத் தலைப்புகளில் "ஏரியா ஆஃப் எக்ஸ்பர்டீஸஸ்" என்று தலைகீழாகப் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சுருங்குகிறது, ஏனென்றால் தலைப்பு பிழையானால் கீழே உள்ள நல்ல விஷயத்தையும் வாசிப்பவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். ஒரு விதிவிலக்கு உண்டு. பின்னால் ஒரு விளக்கத் தொடர் வந்து பொருளைக் குறுக்கும்போது தேர்ந்த எழுத்தாளர்கள் "அ மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ் தட் ஃபியூ கேன் மேட்ச்" என்பதுபோல எழுதுவார்கள். "அ குட் நாலெட்ஜ் ஆஃப்" என்பதில் அ வருவதும் இப்படித்தான். பழகும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

"தி எக்ஸ்பர்டீஸ்" என்று எழுதும் இடமும் உண்டு. ஒரு காரியத்தைச் செய்யத் தேவையான திறன் என்று சொல்லும்போது, பின்னால் டூ சேர்ந்த வினை வரும்: "வி ஹேவ் தி எக்ஸ்பர்டீஸ் டு மேனேஜ் லார்ஜ் ப்ராஜெக்ட்ஸ்". அந்தத் தி-யை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும்.

இப்போது உங்கள் வரியின் நடுநாயகமான பிழைக்கு வருகிறேன்: "எக்ஸ்பர்டீஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்". இலக்கணப்படி இது தவறான சொற்றொடர் இல்லை. நீங்கள் நினைத்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஆங்கில இலக்கணத்தைவிடப் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் அதிகம் உதவும்.

வேற்றுமைத் தொகை நினைவிருக்கிறதா? "தம்பி வீடு" என்றால் தம்பியுடைய வீடு. ஆறாம் வேற்றுமை மறைந்திருக்கிறது. "மலைக்குகை" என்றால் மலையில் உள்ள குகை. ஏழாம் வேற்றுமை மறைந்திருக்கிறது. உருபு வெளியே தெரியாது, விரித்தால்தான் தெரியும். "நிர்வாக நிபுணத்துவம்" என்பதும் அப்படிப்பட்ட தொகைதான். "நிர்வாகத்தில் நிபுணத்துவம்" என்று விரித்தால் நிர்வகிப்பதில் உள்ள திறமை. "நிர்வாகத்தினுடைய நிபுணத்துவம்" என்று விரித்தால் நிர்வாகக் குழுவினரிடம் இருக்கும் திறமை. அந்தக் குழுவினரின் திறமை கணக்கியலில் இருக்கலாம், சட்டத்தில் இருக்கலாம், மென்பொருளில் இருக்கலாம்.

ஆங்கிலத்தில் "மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்" அச்சு அசலாக இதே தொகை. விரிக்கும்போது நம் 'இல்' வரும் இடத்தில் 'இன்' வரும், நம் 'உடைய' வரும் இடத்தில் 'ஆஃப்' வரும். "எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட்" என்றால் துறை. "தி எக்ஸ்பர்டீஸ் ஆஃப் தி மேனேஜ்மென்ட்" என்றால் உடையவர். ஆஃப் என்ற சொல்லுக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கு விடை வரும். இன் என்ற சொல்லுக்குப் பின்னால் எதில் என்ற கேள்விக்கு விடை வரும். நீங்கள் ஆஃப் போட்டதால், வாசிப்பவருக்கு "நிர்வாகத்தினரின் நிபுணத்துவம் எங்களிடம் இருக்கிறது" என்பதுபோல ஏதோ ஒன்று கேட்டிருக்கும்.

ஆஃப் எப்படி உங்கள் கைக்கு வந்தது என்றும் என்னால் ஊகிக்க முடிகிறது. "நாலெட்ஜ் ஆஃப் மேனேஜ்மென்ட்" என்று ஆயிரம் முறை படித்திருப்பீர்கள். அறிவைச் சொல்லும் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. நாலெட்ஜ், அண்டர்ஸ்டாண்டிங், கிராஸ்ப், கமாண்ட், மாஸ்டரி ஆகியவை ஆஃப் கேட்பவை. எக்ஸ்பர்டீஸ், ப்ரொஃபிஷியன்சி, காம்பிடன்ஸ், ட்ரெய்னிங் ஆகியவை இன் கேட்பவை. ஒரு பொருளைப் பிடித்து வைத்திருப்பதாக நினைக்கும் சொற்கள் முதல் கூட்டம். ஒரு களத்துக்குள் நின்று செயல்படுவதாக நினைக்கும் சொற்கள் இரண்டாவது கூட்டம். இது நான் நினைவுக்காக வைத்திருக்கும் வழி, இலக்கண விதி அல்ல. ஆனாலும் இதுவரை கைவிட்டதில்லை. அபவுட், ஆன் இரண்டையும் எக்ஸ்பர்டீஸோடு சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. எக்ஸ்பர்ட் என்ற ஆளுக்கு மட்டும் ஆன் இயல்பாக வரும்: "அன் எக்ஸ்பர்ட் ஆன் டாக்ஸ் லா".

இன் சொல்லுக்குப் பின்னால் பெயர் வரலாம், ஐஎன்ஜி வடிவமும் வரலாம். "எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜிங் ரிமோட் டீம்ஸ்" அழகான தொடர். முடிந்தபோதெல்லாம் இந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மேனேஜ்மென்ட் என்ற பெயர்ச்சொல் பரந்துகிடக்கும் சொல். மேனேஜிங் என்று எழுதிவிட்டால் எதை என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயம் எழுத்துக்கு நல்லது. ஆனால் ஐஎன்ஜி வடிவத்தை முன்னால் தூக்கிப்போட்டு "மேனேஜிங் எக்ஸ்பர்டீஸ்" என்று எழுதக்கூடாது. அது நிபுணத்துவத்தையே நிர்வகிப்பது என்று பொருள்பட்டுவிடும்.

தொகையை விரித்துப் பார்க்கும் பழக்கம் கூட்டு நிறுவன ஒப்பந்தங்களில் உண்மையாகவே பணத்தைக் காப்பாற்றும். வெளிநாட்டு முதலீட்டைப் பற்றிய எழுத்துகளில் கேப்பிடல், டெக்னாலஜி, மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ் என்ற மூன்றும் சேர்ந்தே வரும். நான் திருத்திய ஒரு வரைவில் "தி ஃபாரின் பார்ட்னர் ஷல் ப்ரொவைட் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்" என்று ஒரே வரி. முதலீடு எவ்வளவு பணம் என்று எழுதியிருந்தது, தொழில்நுட்பத்துக்கு இணைப்புப் பட்டியல் இருந்தது, இதற்கு மட்டும் எதுவும் இல்லை. ஒரு தரப்பு இதை 'மேலாளர்களை அனுப்பி ஆலையை நடத்தித் தருவார்கள்' என்று படித்திருந்தது. மற்றத் தரப்போ 'எங்கள் நிர்வாகத்தினர் தேவைப்படும்போது ஆலோசனை சொல்வார்கள்' என்று நினைத்திருந்தது. ஏழாம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் மோதிக்கொண்ட இடம் அது. கடைசியில் அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டு, எத்தனை மேலாளர்கள், எந்தெந்தப் பிரிவுக்கு, எவ்வளவு காலம் என்று மூன்று வரி எழுதினோம். அறிமுகக் குறிப்பில் தொகை இருக்கலாம். கடமையைச் சொல்லும் ஆவணத்தில் விரித்துத்தான் எழுத வேண்டும்.

முன்னால் இன்னொரு சொல் சேரும்போதும் இதே கவனம் தேவை. "சீனியர் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்" என்றால் மூத்த நிர்வாகிகளின் திறமையா, மூத்த பொறுப்பில் இருந்து நிர்வகிக்கும் திறமையா? "ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்", "ரிஸ்க் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்" ஆகியவற்றில் இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் முதல் இரண்டு சொற்களும் ஏற்கனவே ஒட்டிப்போன இணை. அந்த இணைக்கு நடுவே சிறுகோடு போடுவதும் விடுவதும் நிறுவனத்தின் நடைக்கையேட்டைப் பொறுத்தது. எது போட்டாலும் ஆவணம் முழுதும் ஒரே மாதிரி போடுங்கள். மேனேஜ்மென்டுக்கும் எக்ஸ்பர்டீஸுக்கும் நடுவே மட்டும் கோடு வேண்டாம். வாக்கியத்தின் இடையில் வந்தால் பெரிய எழுத்தும் வேண்டாம். தமிழ்த் தொகையில் போலவே இங்கும் கடைசிச் சொல்தான் தலைமைச் சொல், எனவே எவ்வளவு நீண்ட சரமானாலும் வலப்பக்கத்திலிருந்து விரித்துக்கொண்டு வாருங்கள். நாலு சொல்லுக்கு மேல் போனால் உடைத்து எழுதுவதே நல்லது.

மேனேஜீரியல் விஷயம் எளிது. அது பெயரடை, மேலாளர் பணிக்கு உரிய என்று பொருள். தனியாக வரும்போது "மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்", "மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்" இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மற்றப் பெயரடைகளோடு வரிசையில் நிற்கும்போது மட்டும் மேனேஜீரியல் நன்றாகப் பொருந்தும்: "டெக்னிக்கல், ஃபைனான்ஷியல் அண்ட் மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்". ஒரே அச்சில் வார்த்த மூன்று சொற்கள், காதுக்கும் இதம். கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு. மேனேஜ்மென்ட் என்பது நிர்வாகக் குழுவையும் குறிக்கும், மேனேஜீரியல் குழுவைக் குறிக்காது. ஆகவே நான் மேலே சொன்ன இரட்டைப் பொருள் பெருமளவு குறைந்துவிடும். "எக்ஸ்பர்ட் மேனேஜ்மென்ட்" என்று சொற்களை மாற்றிப்போட்டால் திறமையான நிர்வாகம் என்று பொருள் மாறிவிடும். "மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்ட்" என்றால் ஆள்.

ஐந்தாவது பிழை "ஃப்ரம் லாஸ்ட் டென் இயர்ஸ்". கால அளவுக்கு ஃபார் வரும், "ஃபார் தி பாஸ்ட் டென் இயர்ஸ்". அதைத் திருத்தினாலும் உள்ளே இன்னொரு சங்கடம் மிஞ்சுகிறது. "டென் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பர்டீஸ்" என்று விளம்பரங்களில் பார்க்கிறோம். ஆண்டுக்கணக்கில் அளக்க முடிவது எக்ஸ்பீரியன்ஸ். எக்ஸ்பர்டீஸ் அந்த அனுபவத்தில் விளைவது. இரண்டும் ஒரே வேர் என்று சொன்னேனே, முயன்று பார்ப்பது அனுபவம், முயன்று தேறியது நிபுணத்துவம். பத்து ஆண்டு அனுபவம் என்பது வாசிப்பவர் சரிபார்க்கக்கூடிய உண்மை. பத்து ஆண்டு நிபுணத்துவம் என்றால், முதல் நாளிலேயே நிபுணராக இருந்தீர்களா என்ற கேள்வி எழும். இரண்டையும் சொல்ல வேண்டுமானால் இப்படி: "வி ஹேவ் பில்ட் அப் கன்சிடரபிள் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட் ஓவர் தி பாஸ்ட் டென் இயர்ஸ்". பில்ட் அப் என்ற வினை காலத்தைத் தாங்கிக்கொள்கிறது, எக்ஸ்பர்டீஸ் தன் இடத்தில் நிற்கிறது.

இந்தச் சொல்லோடு பழகிய வினைகள் சில உண்டு. டெவலப், அக்வயர், கெய்ன் ஆகியவை திறனைப் பெறுவதற்கு. ஷேர், லெண்ட், ஆஃபர் ஆகியவை பிறருக்குத் தருவதற்கு. "ட்ரா ஆன்" என்பது இருக்கும் திறனை எடுத்துப் பயன்படுத்துவதற்கு. லெவரேஜ் என்ற தேய்ந்துபோன சொல்லைவிட இது எனக்கு மிகவும் பிடிக்கும். புதிதாகச் சேரும் ஒருவரைப் பற்றி எழுதும்போது "ஷி பிரிங்ஸ் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ் டு தி போர்டு" என்று பிரிங் போடுங்கள். காம்பிடன்ஸ் என்ற சொல்லை இதற்கு மாற்றாக எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 1990-இல் நிர்வாகவியல் அறிஞர்களான சி.கே. பிரஹலாதும் கேரி ஹாமெலும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய பிறகு "கோர் காம்பிடன்ஸ்" என்பது ஒரு நிறுவனம் முழுவதற்கும் உரிய, போட்டியாளர்கள் எளிதில் பெற முடியாத கூட்டுத்திறனைக் குறிக்கும் கலைச்சொல்லாகிவிட்டது. ஓர் இயக்குநரின் நிர்வாகத் திறமைக்கு அதைப் போட்டால் துறை அறிந்தவர் புருவத்தை உயர்த்துவார்.

உங்கள் குறிப்பையே எடுத்துத் திருத்திக் காட்டுகிறேன். பிழை நீக்கினால் மட்டும் போதும் என்றால் இப்படி வரும்: "வி ஹேவ் பில்ட் அப் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜ்மென்ட் ஓவர் தி பாஸ்ட் டென் இயர்ஸ். தி டைரக்டர்ஸ் ஆர் எக்ஸ்பர்ட்ஸ் இன் மேனேஜ்மென்ட்." பிழை இல்லை, ஆனால் ஒரே செய்தி இருமுறை வந்திருக்கிறது, எதை நிர்வகிக்கிறீர்கள் என்பது இன்னும் தெரியவில்லை. நீங்கள் கிடங்குகளை நடத்தும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் எழுதுவது: "வி ஹேவ் மேனேஜ்ட் வேர்ஹவுஸஸ் ஃபார் டென் இயர்ஸ். தி டைரக்டர்ஸ் பிரிங் எக்ஸ்பர்டீஸ் இன் இன்வென்டரி கன்ட்ரோல் அண்ட் இன் மேனேஜிங் லார்ஜ் ஷிஃப்ட் டீம்ஸ்." முதல் வாக்கியத்தில் எக்ஸ்பர்டீஸ் என்ற சொல்லே இல்லை, பத்து ஆண்டு வேலை அங்கே பேசுகிறது. இரண்டாவதில் ஒரே ஒரு முறை வருகிறது, வந்த உடனே எதில் என்றும் சொல்லிவிடுகிறது. இந்த வாக்கியத்தில் கிடங்குக்குப் பதிலாக உங்கள் தொழிலை வைத்து மேலதிகாரிக்கு அனுப்புங்கள். இரண்டாவது இன் மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.